அறிவின் கதவைத் திறந்த பண்டிதர் ஸாபா

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பத்து கிக்கிர் என்னும் சிற்றூர் உள்ளது. அதனைச் சுற்றி வயல்களும் மலாய்க் கம்பங்களும் உள்ளன. சற்றுத் தொலைவில் இருக்கும் பகாவ் பட்டணத்தை நோக்கிச் சென்றால், ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். பத்து கிக்கிரைச் சேர்ந்த புக்கிட் கெர்டாஸ் கம்பத்தில் 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் அக்குழந்தைக்கு ஸைனல் அபிடின் என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் அவர் தம் பெயரிலும் தந்தை அஹ்மாட்டின் பெயரிலும் உள்ள எழுத்துகளைச் சேர்த்து ‘ஸாபா’ என்னும் புனைபெயரை அமைத்துக்கொண்டார். இன்று நாடு அவரை அந்தப் பெயராலேயே அறிகிறது.

மலாய்மொழிக்கு இலக்கணம் வகுத்தவர் என்றே ஸாபாவைப் பலரும் குறிப்பிடுவர். ஆங்கில நூல்களில் அடைபட்டுக் கிடந்த அறிவைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புரியும் சொற்களில் எடுத்துச் சொல்வதற்காக அவர் பதினைந்து ஆண்டுகள் உழைத்தார் என்பதைச் சிலரே அறிவர். அந்த உழைப்பின் கதை, இரண்டு மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் நம் நாட்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் பயன்படக்கூடியது.

வாழையிலையில் எழுதிய சிறுவன்

ஸாபா பிறந்த காலத்தில் கம்பத்துப் பிள்ளைகளுக்குத் தாளும் மையும் எளிதில் கிடைக்கவில்லை. எழுதக் கற்றுக்கொள்ளும் ஆவலில் சிறுவன் ஸைனல் வாழையிலையைத் தாளாகவும் ஈர்க்குக் குச்சியை எழுதுகோலாகவும் பயன்படுத்தினான் என்று கூறுவர். பள்ளியில் சேர்வதற்கு முன்பே அவனுக்கு எழுத்துகள் பழகிவிட்டன.

அவனுடைய தந்தை வழி உறவினர் லிங்கி என்னும் ஊரில் வாழ்ந்தனர். அங்கிருந்த மலாய்ப் பள்ளியில் அவன் தொடக்கக் கல்வி பெற்றான். அதன் பின்னர் சிரம்பானில் உள்ள செயின்ட் பால் பள்ளியில் சேர்ந்தான். அது ஆங்கிலப் பள்ளி. அவனுடைய வயதுப் பிள்ளைகள் பலர் அப்போது படிப்பை முடித்து வேலைக்குச் செல்லத் தொடங்கியிருந்தனர். அவனோ ஆங்கிலத்தின் முதல் எழுத்திலிருந்து கற்கத் தொடங்கினான்.

புதிய மொழியைக் கற்கும் மாணவனுக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு பூட்டிய பெட்டி போன்றது. அதைத் திறக்கும் சாவி அவனுடைய தாய்மொழியில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் மலாய் மாணவருக்கு உதவும் நூல்கள் மிகக் குறைவு. ஸாபா பெருமளவுக்குத் தம் சொந்த முயற்சியை நம்பியே படித்தார். அரபுமொழியையும் பயின்றார். 1915ஆம் ஆண்டில் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் வெற்றி பெற்றார். நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அத்தேர்வில் தேறிய முதல் மலாய்க்காரர் அவரே.

தோட்டமும் கம்பமும்

ஸாபா படித்து வந்த அதே ஆண்டுகளில் நெகிரி செம்பிலானின் தோற்றம் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. ரப்பரின் விலை உயர்ந்தது. காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் உருவாயின. தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பலேறி வந்து, சிரம்பான், போர்ட்டிக்சன், ரந்தாவ், பகாவ் ஆகிய பகுதிகளில் இருந்த தோட்டங்களில் குடியேறின. தோட்டத்தை நடத்திய துரைமார்கள் ஆங்கிலம் பேசினர். கணக்குப் புத்தகமும் ஆங்கிலத்தில் இருந்தது. மருந்துப் புட்டியில் ஒட்டியிருந்த தாளும் ஆங்கிலத்திலேயே இருந்தது.

அன்றாட வாழ்வுக்குத் தேவையான ஆங்கிலச் சொற்களைத் தொழிலாளர்கள் தாங்களே தமிழாக்கிக்கொண்டனர். வரிசை வீடுகளைக் குறித்த ‘லைன்’ என்னும் சொல் அவர்கள் நாவில் ‘லயம்’ ஆயிற்று. விடியற்காலையில் பெயர் கூப்பிடுவதற்காக அணிவகுத்து நிற்பதைக் குறித்த ‘பரேட்’ என்னும் சொல் ‘பிரட்டு’ ஆயிற்று. கம்பத்து மக்களும் இவ்வாறே செய்தனர். தண்டவாளத்தில் புகை கக்கிக்கொண்டு ஓடிய வண்டியை அவர்கள் ‘கெரெத்தா அப்பி’ என்றனர். அதன் பொருள் நெருப்பு வண்டி என்பதாகும். தமிழர்கள் அதைப் புகைவண்டி என்றனர். ஒரு சாரார் நெருப்பைக் கண்டனர். மற்றொரு சாரார் புகையைக் கண்டனர். இரு சாராரும் தெரியாத பொருளைத் தெரிந்த சொல்லால் விளக்கிக்கொண்டனர்.

கண்ணால் காணும் பொருளுக்கு மக்கள் தாங்களே பெயர் வைத்துவிடுவர். நோயைப் பரப்பும் கிருமியையோ, நிலவுலகின் வடிவத்தையோ, வட்டிக் கணக்கையோ ஒரு சிறுவனுக்கு யார் விளக்குவது? அதற்கு நூல் வேண்டும். அந்த நூலை எழுத, இரு மொழியும் அறிந்தவரும் பிள்ளைகளின் மனத்தை அறிந்தவருமான ஒருவர் வேண்டும்.

வறுமையின் வேர்

தேர்வில் தேறிய ஸாபா 1916ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவில் இருந்த ஆங்கிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1918ஆம் ஆண்டில் கோலகங்சார் மலாய்க் கல்லூரிக்குச் சென்றார். அங்கே பெரும்பாலும் அரச குடும்பத்துப் பிள்ளைகளும் உயர்குடிப் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் படித்தனர். கம்பத்துப் பிள்ளைகளின் நிலையோ வேறாக இருந்தது. அவர்களுக்குக் கிடைத்த மலாய்ப் பள்ளிக் கல்வி நான்கைந்து ஆண்டுகளில் முடிந்துவிட்டது. மீனவரின் மகன் தந்தையைவிடச் சற்றுச் சிறந்த மீனவனாகவும், உழவரின் மகன் சற்றுச் சிறந்த உழவனாகவும் ஆனால் போதும் என்பதே அன்றைய ஆங்கில ஆட்சியின் கொள்கை.

தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் நிலையும் இதைவிட மேலானதாக இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையே பள்ளியாக இருந்தது. கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்த இடங்களும் உண்டு. கம்பத்துப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் வெவ்வேறு மொழிகளில் படித்தனர். ஆயினும், உலக அறிவுக்கும் அவர்களுக்கும் இடையே ஒரே சுவர்தான் நின்றது.

இந்த நிலை ஸாபாவின் மனத்தை வருத்தியது. 1923ஆம் ஆண்டில் மலாய் மெயில் நாளிதழில் மலாய்க்காரர்களின் வறுமையைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதினார். மக்கள் பொருளில் மட்டுமன்றி அறிவிலும் ஏழைகளாக வைக்கப்பட்டிருக்கின்றனர் என்பது அவருடைய வாதம். அவர்கள் மொழியில் படிப்பதற்குத் தகுந்த நூல்கள் இல்லாததை அவர் பெருங்குறையாகக் கண்டார். பிறரைச் சார்ந்து வாழாமல் தன் முயற்சியால் உயர வேண்டும் என்பதையும் அவர் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார்.

ஸாபா அரசாங்க ஊழியர். அரசாங்கத்தின் கல்விக் கொள்கையைக் குறைகூறும் எழுத்து அவருக்கு ஆபத்தானது. மேலதிகாரிகள் அவரிடம் அதிருப்தி கொண்டனர். அவருடைய தகுதிக்கு ஏற்ற பதவியும் சம்பளமும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. பெரிய குடும்பத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு அவர் தோளில் இருந்தது. வேலையை இழந்துவிடவும் முடியாது. எழுதாமல் இருக்கவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே அவர் பல புனைபெயர்களில் இதழ்களுக்குத் தொடர்ந்து எழுதினார். கண்டனம் எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. எந்தக் குறையைச் சுட்டிக்காட்டினாரோ அந்தக் குறையைப் போக்கும் வேலை விரைவிலேயே அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

தஞ்சோங் மாலிமில் பதினைந்து ஆண்டுகள்

1922ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தின் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கம்பத்து இளைஞர்கள் அங்கு வந்து பயிற்சி பெற்று, மலாய்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகத் திரும்பினர். அக்கல்லூரியில் பாடநூல்களை மொழிபெயர்க்கும் அலுவலகம் ஒன்று 1924ஆம் ஆண்டில் அமைந்தது. அதன் தலைமை மொழிபெயர்ப்பாளராக ஸாபா பொறுப்பேற்றார். 1939ஆம் ஆண்டு வரை அவர் அங்கேயே பணியாற்றினார்.

அந்த அலுவலகத்தில் இருந்தவர்கள் சிலரே. செய்ய வேண்டிய வேலையோ மலையளவு இருந்தது. கணக்கு, புவியியல், வரலாறு, உடல்நலம் எனப் பள்ளிக்கு வேண்டிய நூல்கள் ஒரு வரிசையாகவும், வீட்டில் படித்து மகிழ்வதற்கான கதை நூல்கள் மற்றொரு வரிசையாகவும் வெளிவந்தன. மற்றவர்கள் எழுதியவற்றையும் ஸாபா வரி வரியாகத் திருத்தினார். கடினமான சொல்லைக் கண்டால் எளிதாக்கினார். குழப்பமான வாக்கியத்தைக் கண்டால் பிரித்து எழுதினார்.

ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைகளுக்கு விளக்குவதற்கு மலாய்மொழியில் மூன்று வழிகள் கைகொடுத்தன.

முதல் வழி, பழைய சொல்லுக்குப் புதிய பொருள் தருவது. நோயை உண்டாக்கும் ‘ஜெர்ம்’ கண்ணுக்குத் தெரியாதது. மலாய்மொழியில் ‘கூமான்’ என்று ஒரு பழஞ்சொல் இருந்தது. மிக மிகச் சிறிய உண்ணி போன்ற உயிரை அது குறித்தது. பழமொழியிலும் அச்சொல் வழங்கியது. அந்தச் சொல்லே நோய்க்கிருமிக்கும் பெயராயிற்று. தமிழிலும் இதுவே நடந்தது. முன்பு புழுவைக் குறித்த ‘கிருமி’ என்னும் சொல் இன்று கண்ணுக்குத் தெரியாத நோயுயிரைக் குறிக்கிறது.

இரண்டாம் வழி, தெரிந்த இரண்டு சொற்களை இணைப்பது. வானில் பறக்கும் ஊர்தியை மலாய்க்காரர்கள் ‘கப்பால் தெர்பாங்’ என்றனர். பறக்கும் கப்பல் என்பது அதன் பொருள். அதைக் கேட்ட பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இதில் வரும் ‘கப்பால்’ என்பது தமிழின் ‘கப்பல்’ என்பதே. கடை, கட்டில், முதல் ஆகிய தமிழ்ச் சொற்களும் கெடாய், காத்தில், மோடால் என மலாய்மொழியில் கலந்திருக்கின்றன.

மூன்றாம் வழி, பிறமொழிச் சொல்லையே நாவுக்கு ஏற்றவாறு மாற்றி எடுத்துக்கொள்வது. பள்ளியைக் குறிக்கும் ‘செக்கோலா’ போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. ‘டிக்கெட்’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. வந்த சொல் பிள்ளைகளின் வாயில் இயல்பாக வழங்குமானால் அதை விரட்ட வேண்டியதில்லை.

சொல்லைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு மொழிக்கும் தனி நடை உண்டு. பெரிய வீடு என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘பெரிய’ என்பது முன்னே வரும். மலாயில் ‘ரூமா பெசார்’ என்பர். ‘வீடு’ முன்னே வந்து ‘பெரிய’ என்பது பின்னே வரும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மலாய்ச் சொற்களில் ஆங்கிலம் பேசியது போல ஆகிவிடும். அரபு நூல்களை அவ்வாறு பெயர்த்த பழக்கமும் அன்று இருந்தது. அந்த நடையைப் படிப்பவர் பொருளை எட்டாமல் திணறினர். மலாய்க்காரர்கள் வீட்டிலும் வயலிலும் இயல்பாகப் பேசும் நடையையே ஸாபா தூய மலாய் என மதித்தார். பிறமொழி நடை கலந்த மலாயை அவர் தனியே பிரித்துக் காட்டினார்.

எழுத்துக்கு ஓர் ஒழுங்கு

பிள்ளைகள் ஒரு சொல்லின் பொருளை அறிய வேண்டுமானால் முதலில் அதைச் சரியாகப் படிக்க வேண்டும். அன்று மலாய்மொழி ஜாவி எழுத்திலும் ரூமி எனப்படும் ரோமன் எழுத்திலும் எழுதப்பட்டது. எழுத்துமுறை எழுதுவோருக்கு எழுதுவோர் வேறுபட்டது. எகரத்துக்கு இரண்டு ஒலிகள் இருப்பது மற்றொரு சிக்கல். ஒரே வகையில் எழுதப்படும் ‘பெராங்’ என்னும் சொல்லை ஒருவிதமாக ஒலித்தால் போர் என்று பொருள்படும். வேறுவிதமாக ஒலித்தால் பழுப்பு நிறம் என்று பொருள்படும்.

ஸாபா இந்தக் குழப்பங்களை ஆராய்ந்து, பள்ளிகளுக்கான ரூமி எழுத்துமுறையை 1924ஆம் ஆண்டில் வகுத்தார். அதில் எகரத்தின் இரு ஒலிகளும் தனித்தனிக் குறியால் வேறுபடுத்தப்பட்டன. ‘ஸாபா எழுத்துமுறை’ என்று வழங்கிய அது, 1972ஆம் ஆண்டில் புதிய எழுத்துமுறை நடப்புக்கு வரும் வரையில் பள்ளிகளில் பயன்பட்டது. ஜாவி எழுத்துக்கும் அவர் ஒழுங்குமுறை கண்டார்.

கட்டுரை எழுதும் கலையைப் பற்றி 1934ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். 1940ஆம் ஆண்டு முதல் ‘பெலித்தா பஹாசா மெலாயு’ என்னும் இலக்கண நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. மொழியின் விளக்கு என்பது அப்பெயரின் கருத்து. ஆங்கில இலக்கணத்தை அவர் நன்கு அறிந்திருந்தார். அதன் அமைப்பிலிருந்து கற்க வேண்டியதைக் கற்றுக்கொண்டு, மலாய் மக்களின் பேச்சிலும் பழமொழியிலும் வழங்கும் மொழிக்கு விதி கண்டார்.

அவரிடம் திருத்தம் பெற்ற நூல்களும், அவர் பணியாற்றிய கல்லூரியில் பயின்ற ஆசிரியர்களும் கம்பந்தோறும் சென்று சேர்ந்தனர். ஆங்கிலப் பள்ளியின் வாசலை ஒருநாளும் மிதிக்காத சிறுவனும், தன் வீட்டில் பேசும் மொழியிலேயே உலகப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். கிருமியால் நோய் வரும் என்று படித்தான். தொலைநாட்டுக் கதைகளைத் தாய்க்கும் தங்கைக்கும் படித்துக் காட்டினான்.

பெருமையும் நிறைவும்

1939ஆம் ஆண்டில் ஸாபா சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டார். போர்க்காலத்தின் துன்பங்களுக்குப் பின்னர், 1947ஆம் ஆண்டில் இலண்டனுக்குச் சென்று, கீழை மொழிகளை ஆராயும் கல்விக்கூடத்தில் மலாய்மொழி கற்பித்தார். வாழையிலையில் எழுதிப் பழகிய சிறுவன், ஆங்கிலேயரின் தலைநகரிலேயே ஆங்கிலேயருக்கு ஆசிரியரானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் நாடு திரும்பிய அவர், 1950களில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றார்.

1956ஆம் ஆண்டில் நடந்த மூன்றாவது மலாய்மொழி இலக்கிய மாநாடு அவருக்குப் ‘பெண்டித்தா’ என்னும் பட்டம் வழங்கியது. பண்டிதர் என்னும் சொல்லே மலாயில் அவ்வாறு வழங்குகிறது. அடுத்த ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. மலாய்மொழி தேசிய மொழியாயிற்று. சட்டத்தையும் அறிவியலையும் செய்தியையும் சொல்லும் ஆற்றல் மலாய்மொழிக்கு உண்டா என்று சிலர் ஐயுற்ற வேளையில், முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய பாடநூல் பணி அதற்கு விடையாக நின்றது.

1973ஆம் ஆண்டில் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அவர் காலமானார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பத்து கிக்கிரில் அவர் நினைவாக ‘தெராத்தாக் ஸாபா’ என்னும் இல்லம் அமைந்துள்ளது.

அவர் பதினைந்து ஆண்டுகள் உழைத்த தஞ்சோங் மாலிம் கல்லூரி இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. தமிழ்மொழி ஆசிரியர்களும் அங்கே பயிற்சி பெறுகின்றனர். தோட்டங்களில் பாட்டன்மார் பால் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகளும் அங்கே படித்துப் பட்டம் பெற்று, தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகச் செல்கின்றனர். அறிவியலையும் கணக்கையும் வீட்டு மொழியில் விளக்கிச் சொல்லும் வேலை அவர்களுக்கும் காத்திருக்கிறது.

பிறமொழியைக் கற்பது அறிவைப் பெருக்கும். கற்றதைத் தன் வீட்டாருக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தவரே அந்த அறிவை ஊருக்கு உரியதாக்குகிறார். ஆங்கிலத்தைக் கடினப்பட்டுக் கற்ற பண்டிதர் ஸாபா, தாம் பட்ட சிரமத்தை அடுத்து வரும் பிள்ளைகள் படக்கூடாது என்று எண்ணி உழைத்தார். அவர் விளக்கிய சொற்களை இன்று பிள்ளைகள் எந்த விளக்கமும் இன்றிப் பேசுகின்றனர்.